ஹூண்டாய் கண்ட சுங் ஜூ-யுங்

ஒரு பொருளின் விலை அதனை வாங்கும் அன்றே தெரிந்துவிடும். அதன் மதிப்போ ஆண்டு பல கழிந்த பின்னரே விளங்கும். மலிவாய்க் கிடைத்த பொருள் நெடுநாள் உழைக்குமாயின், வாங்கினவன் இருமடங்கு ஆதாயம் பெற்றவனாகின்றான். உழையாதாயின், அம் மலிவே அவனுக்குப் பெருஞ்செலவாய் முடிகின்றது. இவ்வுண்மையின் இருபுறத்தையும் தம் வாழ்நாளிலேயே கண்டறிந்தவர் கொரிய நாட்டுச் சுங் ஜூ-யுங் என்னும் பெரியார். ஹூண்டாய் என்னும் பெயர் தாங்கி நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் மோட்டார் வண்டிகள் அவர் நிறுவிய தொழிலகத்தின் வழிவந்தவையே.

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூரினின்று தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது திருமானூர். உழவே பெருந்தொழிலாகவுள்ள அவ்வூர்ப் பக்கத்தில், பிறர் ஓட்டிய பழைய காரைக் கைமாற்றாக வாங்கக் கருதுவோன் சில கேள்விகளைக் கேளாமல் பணத்தை எடான். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று? எஞ்சின் எண்ணெய் குடிக்கின்றதா? உதிரிப்பாகங்கள் அரியலூரிலேயே கிடைக்குமா? ஐந்தாண்டு கழித்து விற்றால் என்ன தேறும்? எளியோர் கேட்கும் இக் கேள்விகளே மோட்டார்த் தொழிலின் உரைகல். சுங்கின் வரலாறும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கத் தக்கதே.

இவர் 1915-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், கொரியாவின் கிழக்குக் கரையை அடுத்த தோங்சோன் பகுதியில், ஆசான் என்னுஞ் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வடகொரியாவின் எல்லைக்குட்பட்டது. அந்நாளிலோ கொரியா முழுவதும் ஜப்பானியர் ஆட்சியில் அடங்கிக் கிடந்தது. இவர் வறிய உழவர் குடியின் தலைமகன். பாட்டனாரிடம் சீன மொழி நூல்களைச் சிறிது பயின்றார். தொடக்கப் பள்ளிக்கு மேல் கல்வி வாய்க்கவில்லை. விடியுமுன் எழுந்து தந்தையோடு கழனியில் உழைத்தும் குடும்பம் அரைவயிறு உண்ட காலம் அது.

அவ்வறுமையைப் பொறாது, பட்டணம் சென்று பிழைக்கக் கருதி, இளமைப் பருவத்தில் பன்முறை வீட்டைவிட்டு ஓடினார். ஒருமுறை, தந்தையார் மாட்டை விற்று வைத்திருந்த 70 வொன் பணத்தை எடுத்துக்கொண்டு சியோல் நகரடைந்து, கணக்கெழுதும் வித்தை கற்பிக்கும் பள்ளியில் சேர்ந்தார். தந்தையார் தேடிவந்து மகனை ஊருக்கு மீட்டுச் சென்றார். மாடு உழவனுக்குச் செல்வமும் துணையுமாதலின், அப் பணத்தின் நினைவு சுங்கின் நெஞ்சை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது. அக் கடனை அவர் தீர்த்த விதத்தைப் பின்னர்க் காண்போம்.

1933-ஆம் ஆண்டு அவர் மறுபடியும் ஊரை நீங்கினார். இஞ்சியோன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்; கட்டட வேலையில் கல் சுமந்தார்; பின்னர்ச் சியோலில் ஓர் அரிசிக் கடையில் ஆளாய் அமர்ந்து, மிதிவண்டியில் மூட்டையேற்றி வாடிக்கைக்காரர் வீடுதோறும் கொண்டு சேர்த்தார். அவருடைய உழைப்பையும் கைச்சுத்தத்தையும் கண்ட கடைக்காரர் சில ஆண்டுகளில் கடையையே அவர்பால் ஒப்புவித்தார். ஆயின், 1939-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசினர் அரிசியைப் பங்கீட்டு முறைக்குட்படுத்தவே, கடை மூடப்பட்டது.

அடுத்த ஆண்டு கடன் வாங்கி, மோட்டார் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை மேற்கொண்டார். தொடங்கிய சின்னாளிலேயே பட்டறை தீப்பற்றி எரிந்தது. பழுதுபார்க்க வந்திருந்த பிறருடைய வண்டிகளும் சாம்பலாயின. கடன் கொடுத்தவரிடமே மீண்டுஞ் சென்று நின்றார் சுங். ஈடு ஏதுமின்றி, அவர்தம் நாணயம் ஒன்றையே நம்பி, அவர் மறுபடியும் பொருளுதவினார். முதலில்லாதவனுக்கு நம்பிக்கையே முதல் என்னும் பாடத்தை இவ்வாறு இளமையிலேயே கற்றார் சுங். மேலும், பிறர் செய்த வண்டிகள் எவ்விடத்தில் தேய்கின்றன, எவ்விடத்தில் முறிகின்றன என்பதைக் கரி படிந்த கைகளால் அறிந்ததும் இப் பட்டறையிலேதான்.

உலகப்போர் முடிந்து நாடு விடுதலை பெற்றபின், 1946-ஆம் ஆண்டு மற்றொரு மோட்டார்ப் பட்டறையும், 1947-ஆம் ஆண்டு கட்டட ஒப்பந்த நிலையமும் நிறுவி, ஹூண்டாய் எனப் பெயரிட்டார். புதுமைக்காலம் என்பது அச்சொல்லின் பொருள்.

கொரியப் போரில் இடிந்த கோரியோங் பாலத்தைச் செப்பனிடும் பணியை 1953-ஆம் ஆண்டு அவர் ஏற்றார். பேசிய தொகை பேசியபடியே நிற்க, பொருள்களின் விலையோ மளமளவென ஏறிற்று. நட்டம் தலைக்குமேல் போயிற்று. பணியைக் கைவிடுதலே அறிவுடைமை எனப் பலரும் கருதிய வேளையில், உடன்பிறந்தாரும் உறவினரும் வீடுகளை விற்றுப் பொருளுதவ, 1955-ஆம் ஆண்டு பாலத்தை முடித்துக் கொடுத்தார். பட்ட கடன் பெரிது. ஆயினும் இழந்த பொருளால் பெற்ற நற்பெயர் அதனினும் பெரிது. 1957-ஆம் ஆண்டு ஹான் ஆற்றுப் பாலத்தைப் புதுக்கும் பெரும்பணி அவரை நாடி வந்தது.

சிமெண்டுத் தொழிலால் வாழும் அரியலூர் நாட்டார்க்கு ஒரு செய்தி சுவையளிக்கும். சுங்கும் 1964-ஆம் ஆண்டு தன்யாங் என்னுமிடத்தில் சிமெண்டு ஆலை ஒன்றை எழுப்பினார். பின்னர்ச் சியோலுக்கும் பூசானுக்கும் இடையே 428 கிலோமீட்டர் நீளமுள்ள பெருவழியை அமைப்பதில் ஹூண்டாய் பெரும்பங்கு கொண்டது. 1968-இல் தொடங்கிய அப்பணி 1970-இல் முடிந்தது. அவ்விரைவைப் புகழ்வோர், அப்பணியில் உயிர்நீத்த 77 பேரையும் மறத்தலாகாது. அவர்க்கென நினைவுத்தூண் ஒன்று அவ்வழியில் நிற்கின்றது.

இனி மோட்டார்த் தொழிலுக்கு வருவோம். 1967-ஆம் ஆண்டு ஹூண்டாய் மோட்டார்க் கம்பெனி தோன்றிற்று. தம்பியார் சுங் சே-யுங் அதனை நடத்தினார். முதலில் போர்டு கம்பெனியாரின் கார்ட்டினா வண்டியை உல்சான் நகரில் பூட்டி விற்றனர். மேல்நாட்டுச் செம்மையான சாலைக்கென அமைந்த அவ்வண்டி, கொரியாவின் கரடுமுரடான வழிகளில் அடிக்கடி பழுதுற்றது. தம் நாட்டுக்கேற்ற வண்டியைத் தாமே செய்தல் வேண்டும் எனத் துணிந்தனர் சகோதரர். இத்தாலியராகிய ஜுஜாரோ வடிவம் வகுத்தார். ஆங்கிலேயராகிய டர்ன்புல் ஆலையை ஒழுங்கு செய்தார். ஜப்பானிய மிட்சுபிஷியார் எஞ்சினுக்கு வேண்டிய நுட்பம் தந்தனர். இவ்வாறு பிறந்த போனி என்னும் சிறுவண்டி, 1974-ஆம் ஆண்டு தூரின் நகரக் காட்சியில் வைக்கப்பெற்று, 1976-இல் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டே தென்னமெரிக்காவிலுள்ள ஈக்வடார் நாட்டிற்கும் ஏற்றுமதியாயிற்று.

1986-ஆம் ஆண்டு எக்ஸெல் என்னும் வண்டி அமெரிக்காவிற் புகுந்தது. தொடக்க விலை 4,995 டாலர். அத்துணை மலிவைக் கண்ட மக்கள் முண்டியடித்து வாங்கவே, முதலாண்டிலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. வெற்றி முழக்கம் அடங்குமுன் முறையீடுகள் எழுந்தன. துரு ஏறிற்று; உறுப்புகள் அடிக்கடி பழுதுபட்டன; மறுவிற்பனையில் விலை சரிந்தது. மலிவைக் கண்டு வாங்கினோர் பழுதைக் கண்டு ஏசினர். ஹூண்டாய் என்னும் பெயரே அந்நாட்டில் நகைப்பிற்கிடமாயிற்று. பாலத்தைக் கட்டி முடித்துப் பெற்ற நற்பெயரின் அருமையை அறிந்த நிறுவனம், வண்டியை விற்று அதனை இழந்தது. விரைந்து விற்றல் எளிது. விற்றபின் நிற்றல் அரிது.

ஆயினும், எரிந்த பட்டறையை மறுபடி எழுப்பிய மரபு அங்கே அழியவில்லை. பொறியாளர் முயன்று 1991-ஆம் ஆண்டு சொந்த எஞ்சினை ஆக்கினர். பின்னர், சுங்கின் மகனார் சுங் மோங்-கூ தலைமை ஏற்று, தரமே முதற்காரியம் என ஆலையெங்கும் நிலைநாட்டினார். 1999-ஆம் ஆண்டு வண்டிகள் தொடங்கி, அமெரிக்காவில் முதல் உரிமையாளர்க்கு எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் பத்தாண்டு அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் அளித்தனர். வண்டி பழுதானால் செலவு வாங்கினவனுடையதன்று, செய்தவனுடையது என்பதே அதன் கருத்து. பழுது தன் பணத்தைத் தின்னும் என்றறிந்த ஆலை, பழுதின்றிச் செய்யக் கற்றுக்கொள்ளும் அன்றோ?

தமிழ்நாட்டில் ஹூண்டாய் கால்கொண்டது 1996-ஆம் ஆண்டு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்தது; 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளிவந்தது. அதன் உயர்ந்த கூரையைக் கண்டு முதலில் நகைத்தோரும், உள்ளே தலை இடியாமல் அமர்ந்தபின் அதனை விரும்பினர். நம் வெம்மைக்கும் மேடுபள்ளத்திற்கும் ஏற்ப அது திருத்தப்பெற்றிருந்தது. கார்ட்டினா புகட்டிய பாடம் வீண்போகவில்லை.

அதே 1998-ஆம் ஆண்டுதான் சுங் தம் பழங்கடனைத் தீர்த்தார். எண்பது கடந்த அம் முதியவர், ஜூன் திங்களில் 500 மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, பன்முன்ஜோம் எல்லையைக் கடந்து, பிறந்த நாடாகிய வடகொரியாவிற்குச் சென்றார். அக்டோபரில் மேலும் 501 மாடுகளை அளித்தார். தந்தையின் ஒரு மாட்டிற்கு ஈடாக 1,001 மாடுகள்! பகைத்து நின்ற இரு நாடுகளுக்கிடையே அவை நட்பின் தூதாகவும் அமைந்தன.

சுங் குற்றமற்றவர் அல்லர். 1987-ஆம் ஆண்டு உல்சான் தொழிலாளர் உரிமை வேண்டி எழுந்த போராட்டம், அவர் ஆலைகளின் கடுமையைப் புலப்படுத்திற்று. 1992-ஆம் ஆண்டு நாட்டுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு மூன்றாமிடமே பெற்றார். 2001-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், தம் 85-ஆம் வயதில் உயிர்நீத்தார்.

மாணவ நண்பர்களே, மலிவும் உறுதியும் ஒருங்கே அமையுமோ என்னும் வினாவிற்கு இவ் வரலாறு தரும் விடை இது: அமையும், ஆயின் தானே அமையாது. செய்பவன் தன் சொல்லுக்குத் தானே ஈடு நிற்றல் வேண்டும். உதிரிப்பாகமும் கைதேர்ந்த பணியாளரும் சிற்றூர்க்கும் எட்டுதல் வேண்டும். உடையவனும் காலந்தவறாது எண்ணெய் மாற்றி வண்டியைப் பேணுதல் வேண்டும். இம்மூன்றும் கூடின், ஏழை உழவன் வாங்கும் வண்டி பதினைந்தாண்டும் உழைக்கும். ஒன்று குறையின், பெயர் பெரிதாயினும் பயனில்லை. கோரியோங் பாலத்தை முடித்துக் கொடுத்த சுங்கைப் போற்றுவோமாக. எக்ஸெல் தந்த இழிவையும் மறவாதிருப்போமாக.