மனசும் சேர்ந்து தூக்கணும்: சாண்டோவின் கதை



போன செமஸ்டர் விடுமுறை முழுக்க என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மழை பெய்த ஒரு சாயங்காலம் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தேன், எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டைக் கழற்றக் கூடாது, ஜிம் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு உலகமே இருண்ட மாதிரி ஆகிவிட்டது. 22 வயது முடிவதற்குள் ஒரே மூச்சில் பத்து புல்-அப் எடுக்க வேண்டும் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட இலக்கு. ஆறு வரைக்கும் வந்திருந்தேன். இனி எல்லாம் பூஜ்யத்திலிருந்துதான் என்று நினைத்து, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் தாத்தா டிவியில் பழைய எம்.ஜி.ஆர். படம் போட்டிருந்தார். எழுத்து ஓடும்போது சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் என்று பெயர் வந்தது. சாண்டோ என்றால் என்ன தாத்தா, ஊர்ப் பெயரா என்று கேட்டேன். தாத்தா சிரித்தார். அவர் தோட்டத்தில் இருந்த காலத்தில் கட்டுமஸ்தாக இருக்கும் பையன்களை எல்லோரும் சாண்டோ என்றுதான் கூப்பிடுவார்களாம். தேவரும் இளம் வயதில் கோயம்புத்தூரில் உடற்பயிற்சி செய்து பேர் வாங்கியவர் என்றார். ஆனால் முதல் சாண்டோ யார் என்று தாத்தாவுக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் வேலை வெட்டி இல்லையே, இடது கையால் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் ஒரு ஜெர்மானியர். இயற்பெயர் ஃபிரெடரிக் வில்ஹெம் முல்லர். 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இன்றைக்கு அந்த ஊர் ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. சின்ன வயதில் தான் ஒன்றும் பலசாலி இல்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். அப்பாவோடு இத்தாலிக்குப் போனபோது பழங்கால வீரர்களின் கற்சிலைகளைப் பார்த்து அசந்து போனாராம். இப்போது ஏன் மனிதர்கள் இப்படி இல்லை என்று அப்பாவைக் கேட்டாராம். இந்தக் கதையை அவரே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லியிருக்கலாம் என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சிலைகள் அவர் மனசை விட்டு இறங்கவே இல்லை என்பது அவர் வாழ்க்கையைப் பார்த்தாலே தெரியும். பின்னாளில் உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி பூசி, மேடையில் அந்தச் சிலைகளைப் போலவே அசையாமல் நின்று காட்டினார்.

இராணுவச் சேவைக்குப் போக விருப்பம் இல்லாமல் 1885 வாக்கில் நாட்டை விட்டுக் கிளம்பினார். சர்க்கஸில் வித்தை காட்டிப் பிழைத்தார். யூஜின் சாண்டோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் அட்டிலா என்ற பெயரில் புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். அங்கேதான் பாரம் தூக்கும் முறையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்.

1889இல் லண்டனில் சாம்சன் என்ற பலசாலி, என்னை ஜெயிக்க யாராவது உண்டா என்று தினமும் மேடையில் சவால் விட்டுக்கொண்டிருந்தார். சாண்டோ கூட்டத்திலிருந்து எழுந்து போனார். முதலில் சாம்சனின் சீடர் சைக்ளோப்ஸைத் தோற்கடித்தார். சில நாட்களில் சாம்சனையும் தோற்கடித்தார். அதுவரைக்கும் பேர் தெரியாத 22 வயதுப் பையன். நமக்கெல்லாம் இருக்கிற அதே வயசுதான், பாருங்களேன்!

1893இல் அமெரிக்கா போனார். அங்கே அவரை வைத்து நிகழ்ச்சி நடத்திய ஃப்ளோரன்ஸ் சீக்ஃபீல்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாண்டோ எவ்வளவு கிலோ தூக்குகிறார் என்பதைவிட, அவர் தசைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே அசைவதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வாய் பிளந்து நின்றார்கள். மற்ற பலசாலிகளுக்கும் பெரிய உடம்பு இருந்தது. ஆனால் எந்தத் தசையைச் சொன்னாலும் அதை மட்டும் இறுக்கவும் தளர்த்தவும் சாண்டோவால் முடிந்தது. 1894இல் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் அவரை வைத்து ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். சினிமா பிறந்த காலத்தில் கேமரா முன் நின்ற முதல் பிரபலங்களில் அவரும் ஒருவர்.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1897இல் அவர் லண்டனில் ஓர் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். உடல் பலம் பெறுவது பற்றி அதே ஆண்டில் ஒரு புத்தகமும் வெளியிட்டார். நாமெல்லாம் பெரிய பெரிய பாரமாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் சாதாரண மக்களுக்கு அவர் கொடுத்தது ஐந்து பவுண்டு அளவிலான சின்ன டம்பெல்தான். அதாவது இரண்டேகால் கிலோ.

அது எப்படி வேலை செய்யும்? அதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான். நாள் முழுக்கக் கையை ஆட்டி வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் கை பலமாகிவிடுவதில்லை. ஏனென்றால் கை வேலை செய்கிறது, மனசு வேறெங்கோ இருக்கிறது. பயிற்சி செய்யும்போது எந்தத் தசை வேலை செய்கிறதோ அதில் மனசை முழுசாக வைக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று அந்தத் தசையைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். மார்பு, கை, தொடை எல்லாவற்றையும் அளந்து எழுதி வைக்க வேண்டும்.

சொல்லிவிட்டால் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் ஒரு புது டம்பெல் செய்து விற்றார். அது நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும், இரண்டு பாதிக்கும் இடையில் ஸ்பிரிங் இருக்கும். பயிற்சி முடியும்வரை இரண்டு பாதியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கணும். கவனம் சிதறினால் பிடி தளரும், டம்பெல் விரிந்துவிடும். மனசு ஓடிப்போவதைக் காட்டிக் கொடுக்கிற கருவி! பொறியியல் மாணவனாக எனக்கு அதைப் படித்ததும் கைதட்டத் தோன்றியது. ஒரு கைதான் இருந்தது, என்ன செய்ய.

இது வெறும் வியாபாரப் பேச்சா, உண்மையா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தேடியதில் 2014இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு கிடைத்தது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களின் மணிக்கட்டை நான்கு வாரம் கட்டிப்போட்டு வைத்தார்கள். அதில் ஒரு பகுதியினர், வாரத்தில் ஐந்து நாள், அந்தக் கையை முழு பலத்தோடு இறுக்குவதாக மனசுக்குள் மட்டும் கற்பனை செய்தார்கள். சும்மா இருந்தவர்களின் பலம் ஏறக்குறைய 45 விழுக்காடு குறைந்தது. கற்பனை செய்தவர்களுக்கு 24 விழுக்காடுதான் குறைந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பலம் என்பது தசையின் பருமன் மட்டும் அல்ல. ஒரு மோட்டார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கண்ட்ரோலர் சரியான சிக்னல் அனுப்பாவிட்டால் முழு விசை வராது. அதே மாதிரி மூளையும் நரம்பும்தான் தசைக்கு உத்தரவு அனுப்புகின்றன. ஜிம்முக்குப் புதுசாகப் போகிறவர்களுக்கு முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு இந்த உத்தரவு சீராவதால்தான் வருகிறது. ஓர் அசைவை உன்னிப்பாகக் கற்பனை செய்யும்போது, அந்த உத்தரவுக்கான வேலையில் ஒரு பகுதி மூளையில் நடக்கிறது.

நானும் ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள் கற்பனை செய்தது என்ன தெரியுமா? பத்தாவது புல்-அப் முடித்துவிட்டு இறங்குகிறேன், நண்பர்கள் எல்லாம் கைதட்டுகிறார்கள்! சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அது பகல் கனவு, பயிற்சி இல்லை.

அப்போதுதான் சமய வகுப்பில் கேட்ட பூசலார் நாயனார் ஞாபகம் வந்தார். திருநின்றவூரில் வாழ்ந்த அவருக்குக் கோயில் கட்டக் கையில் காசு இல்லை. மனசிலேயே கட்டினார். அவர் நேராகக் கும்பாபிஷேகத்தைக் கற்பனை செய்யவில்லை. நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டு, சிகரம் எழுப்பி, சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் எழுப்பி, ஒவ்வொரு வேலையாகச் செய்தார். அவர் நோக்கம் பக்தி, என்னுடையது வெறும் புல்-அப். ஒப்பிட முடியாது. ஆனால் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளலாம் இல்லையா?

அதற்குப் பிறகு தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கம்பியின் சில்லென்ற தொடுகை, விரல்களின் பிடி, தோளைக் கீழே இழுப்பது, முதுகு இறுகுவது, மூச்சு, மெதுவாக இறங்குவது. வெளியிலிருந்து வீடியோ பார்ப்பது மாதிரி இல்லாமல், உள்ளேயிருந்து உணர்வது மாதிரி. உண்மையில் களைப்பாகத்தான் இருந்தது.

சாண்டோவின் கதைக்கு வருகிறேன். 1901 செப்டம்பர் 14ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பெரிய உடற்கட்டுப் போட்டி நடத்தினார். சிற்பி ஒருவரும், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயிலும் அவரோடு நடுவராக உட்கார்ந்தார்கள். யாருக்குப் பெரிய தசை என்று பார்க்கவில்லை. உடல் முழுக்கச் சீராக வளர்ந்திருக்கிறதா, ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இன்றும் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் கொடுக்கப்படுவது சாண்டோவின் உருவச் சிலைதான்.

1904-05இல் அவர் இந்தியாவுக்குச் சுற்றுப்பயணம் வந்தார். இந்தியர்கள் பலவீனமானவர்கள் என்று ஆங்கிலேயர்கள் ஏளனம் செய்துகொண்டிருந்த காலம் அது. நம்மவர்களிடம் மல்யுத்தமும் சிலம்பமும் காலங்காலமாக இருந்தன. அதோடு சாண்டோவின் பெயரும் சேர்ந்துகொண்டது. அவர் பெயரே ஒரு பட்டமாகி, கோயம்புத்தூரில் 1915இல் பிறந்த ஒரு முருக பக்தரின் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து தாத்தாவின் தோட்டத்துக்கும் வந்திருக்கிறது.

1911இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவருக்கு உடற்பயிற்சிப் பேராசிரியர் என்ற கௌரவம் கொடுத்தார். ஆனால் முடிவு அவ்வளவு நன்றாக இல்லை. முதல் உலகப்போரின்போது ஜெர்மனியில் பிறந்தவர் என்ற பெயர் அவருக்குப் பாதகமானது. அவர் நடத்திய கோக்கோ வியாபாரம் நொடித்துப்போனது. 1925 அக்டோபர் 14ஆம் தேதி, 58 வயதில் இறந்தார். லண்டனில் அவர் கல்லறையில் பல காலம் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. உலகமே பார்த்து வியந்த உடம்பு அது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எதற்காக நான் பத்து புல்-அப் எடுக்க ஆசைப்படுகிறேன்? கைதட்டலுக்கா? உடம்பு எப்படியும் ஒருநாள் போகத்தான் போகிறது. சாண்டோவிடமிருந்து இன்னும் நம்மிடம் மிச்சம் இருப்பது அவர் தசை அல்ல, செய்கிற வேலையில் மனசை வை என்ற அந்தப் பாடம்தான்.

கட்டைக் கழற்றிய அன்று என் கை குச்சி மாதிரி இருந்தது. கற்பனை அதைத் தடுக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரும் பிசியோவும் சொன்னபடி மெதுவாகத்தான் திரும்பினேன். முதல் புல்-அப் எடுக்கவே இரண்டு மாதம் ஆனது. பிறந்தநாளன்று எட்டுதான் எடுக்க முடிந்தது. பத்து இல்லை. ஆனால் அந்த எட்டிலும் நான் முழுசாக இருந்தேன். முன்பெல்லாம் ஒரு செட்டுக்கும் இன்னொரு செட்டுக்கும் நடுவில் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பேன். இப்போது அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த செட்டை மனசுக்குள் ஒருமுறை செய்து பார்க்கிறேன். பரீட்சைக்குப் படிப்பதிலும் இதே பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள் நண்பர்களே. ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசை அல்ல, வேலையைக் கற்பனை செய்யுங்கள். அப்புறம் எழுந்து போய் அதைச் செய்யுங்கள். மனசில் கட்டியது மனசிலேயே நின்றுவிடக் கூடாது.

தாத்தா இப்போது என்னைச் சாண்டோ என்றுதான் கூப்பிடுகிறார். பாதி கிண்டல்தான். பரவாயில்லை, அந்த இரண்டு புல்-அப் இன்னும் பாக்கி இருக்கிறதே!