மஸீஹுல் முல்க் ஹக்கீம் அஜ்மல் கான்

கருஞ்சீரகமும் சுக்கும் இல்லாத அடுப்படி நம் வீடுகளில் இல்லை. ஜொகூருக்கு வந்தபின் ஜாமுவும் தொங்காட் அலியும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. கடையில் இவற்றை வாங்கும்போது, பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஈயம், பாதரசம், கலப்படம் முதலியவற்றுக்கு எதிரான காவல் அது. ஆனால் மருந்து உண்மையிலேயே குணம் தருமா என்பது வேறு சோதனை. யூனானி வைத்தியத்தின் உச்சியில் இருந்த ஒருவரே அந்தச் சோதனைக்கு நூறாண்டுகளுக்கு முன் வழி திறந்தார். அவர்தாம் டில்லி ஹக்கீம் அஜ்மல் கான் சாஹிப். காங்கிரஸ், கிலாபத் தலைவராக அவரை அறிந்தோர் பலர் என்பதால் அரசியலை இங்கு சுருக்கிக்கொள்கிறோம்.

1868இல் பிறந்தார். முன்னோர்கள் மொகலாய அரசவை ஹக்கீம்கள். இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து, குடும்பத்தாரிடமே வைத்தியம் கற்று, 1892 முதல் ராம்பூர் நவாபின் தலைமை ஹக்கீமாக இருந்தார். டில்லியில் ஏழைகளிடம் காசு வாங்கியதில்லை என்பர்.

ஆங்கில மருத்துவம் படித்தோரை மட்டுமே மருத்துவர்களாகப் பதிவு செய்ய அரசு முனைந்த காலம் அது. அது நடந்தால் ஹக்கீம்களும் வைத்தியர்களும் சட்டத்தின் கண்ணில் போலிகளாகிவிடுவார்கள். 1910இல் யூனானி, ஆயுர்வேத வைத்தியர்களை ஒரே மாநாட்டில் கூட்டி அதை எதிர்த்தார். எதிர்ப்போடு நின்றிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்றுதான். மறு ஆண்டு ஐரோப்பா சென்று அங்குள்ள மருத்துவமனைகளைப் பார்த்து வந்தார். 1916இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1921இல் காந்திஜி திறந்துவைத்த டில்லி திப்பியா கல்லூரியில் யூனானி, ஆயுர்வேதத்தோடு உடற்கூறும் அறுவையும் பாடமாயின. பழைய முறையில் ஊறிய ஹக்கீம்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கலப்பால் நம் வைத்தியம் கெட்டுப்போகும் என்ற அவர்கள் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளைஞருக்குப் பொருளுதவி செய்து, கல்லூரியில் ஆய்வுக்கூடம் அமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த மருந்தைச் சோதனைக் குழாயில் போடுவது என்றால், அது பொய்த்துப்போகவும் இடம் கொடுப்பதுதானே!

சித்தீக்கி 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 29இல் ஹக்கீம் சாஹிப் வபாத்தானார்கள்.

ஆய்வு நிற்கவில்லை. மனநோய்க்கு ஹக்கீம்களும் நாட்டு வைத்தியர்களும் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரிலிருந்து சித்தீக்கியும் துணைவரும் 1931இல் பல காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றில் மூன்றுக்கு அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின் என்று ஹக்கீம் சாஹிபின் பெயரே வந்தது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை 1949இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. கொதிப்பையும் மனக் கொந்தளிப்பையும் அது தணித்தது உண்மை. அதை உட்கொண்ட சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்ததும் பின்னர் தெரியவந்தது. வேரின் நன்மையும் கெடுதலும் அளவு பார்த்துக் கொடுத்து, நோயாளியைக் கவனித்த பிறகே வெளிப்பட்டன.

அஜ்மலின் இன்றும் மருத்துவமனைகளில் இருக்கிறது. புருகாடா என்னும் பரம்பரை இதயநோய் மறைந்திருக்கிறதா என்று கண்டறிய, அதை நரம்பில் ஏற்றி இதய வரைபடத்தைப் பார்க்கிறார்கள். இதயத் துடிப்பை அதுவே தாறுமாறாக்கிவிடவும் கூடும் என்பதால், உயிர்காக்கும் கருவிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுகிறார்கள்.