சூசன் அந்தோணி அம்மையார்

மக்களாட்சிக்கு உயிர்நாடி வாக்குரிமை. தம்மை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவர், குடிமக்கள் என்னும் பெயரைப் பெற்றிருப்பினும், பிறர் இயற்றிய சட்டத்திற்குப் பணிந்து நடப்பவரே ஆவர். அவ்வுரிமை இன்னார்க்கு உண்டு, இன்னார்க்கு இல்லை என்று வரையறுக்கும் அதிகாரம் யாருக்கு உரியது? நாடு முழுவதற்கும் பொதுவான நடுவணரசுக்கா? அந்நாட்டின் உறுப்புகளாகிய மாநிலங்களுக்கா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வினா நூறாண்டுக்கு மேலாகப் பெரும் பூசலை விளைத்தது. அதற்கு நேர்மையான விடை காண்பதற்கென்றே தம் வாழ்நாளை ஈந்தவர் சூசன் அந்தோணி அம்மையார்.

இவ்வம்மையார் 1820ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆடம்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் டேனியல் அந்தோணி பருத்தி ஆலை நடத்தியவர். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். ஆணும் பெண்ணும் இறைவன் திருமுன் ஒப்பானவர் என்னும் கொள்கை அக்குடும்பத்தில் வேரூன்றியிருந்தது. 1837ஆம் ஆண்டு ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியில் குடும்பம் தன் செல்வத்தை இழந்தது. சூசன் ஆசிரியப் பணி மேற்கொண்டு தம் பெற்றோருக்குத் துணை நின்றார். ஒரே பணியைச் செய்யும் ஆண் ஆசிரியர் பெறும் ஊதியத்தினும் பெண் ஆசிரியர் பெறும் ஊதியம் மிகக் குறைவாக இருத்தலைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று.

பின்னர் அம்மையார் மதுவிலக்குப் பணியில் ஈடுபட்டார். 1852இல் ஆல்பனி நகரில் நடந்த மதுவிலக்கு மாநாட்டிற் பேச எழுந்தபோது, பெண்டிர் கேட்க வந்தவரேயன்றிப் பேச வந்தவரல்லர் என்று தடுக்கப்பட்டார். அரசியலிற் குரல் இல்லாதவர் எந்நற்செயலையும் முடிக்க இயலாது என்னும் உண்மை அவருக்குத் தெளிவாயிற்று. அதற்கு முன்னரே எலிசபெத் கேடி ஸ்டான்டன் அம்மையாரின் நட்பு அவருக்கு வாய்த்திருந்தது. இருவரும் ஐம்பதாண்டுக் காலம் ஒருயிரும் ஈருடலும்போல உழைத்தனர். அடிமை முறையை ஒழித்தற்பொருட்டும் அவர்கள் பாடுபட்டனர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அவர்கள் நிறுவிய கழகம் ஏறத்தாழ 4,00,000 பேரின் கையொப்பங்களைத் திரட்டிக் காங்கிரஸ் என்னும் நடுவண் சட்டமன்றத்திற்கு அளித்தது.

அமெரிக்க அரசியலமைப்பு 1787இல் வகுக்கப்பட்டபோது, வாக்காளராதற்குரிய தகுதியை வரையறுக்கும் பொறுப்பு மாநிலங்களிடமே விடப்பட்டது. ஆதலின் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி சட்டம் செய்தது. போருக்குப் பின் இந்நிலை சிறிது மாறியது. அந்நாட்டிற் பிறந்தோர் யாவரும் நாட்டின் குடிமக்கள். குடிமக்களின் உரிமைகளை எம்மாநிலமும் குறைத்தல் ஆகாது என்று 1868இல் நிறைவேறிய பதினான்காம் திருத்தம் கூறியது. இனம், நிறம், முன்னாள் அடிமைநிலை ஆகியவை காரணமாக வாக்குரிமையை மறுத்தல் கூடாது என்று 1870இல் நிறைவேறிய பதினைந்தாம் திருத்தம் விதித்தது. ஆனால் பெண் என்பது காரணமாக மறுத்தலை அது தடுக்கவில்லை.

இதனால் அம்மையார் மனம் புண்பட்டார். பதினைந்தாம் திருத்தத்தையே எதிர்த்தார். நெடுநாள் நண்பரும் கறுப்பின மக்களின் தலைவருமாகிய பிரெடரிக் டக்ளசுடன் மாறுபட்டார். அக்காலத்தில் அவர் கூறிய சில சொற்கள், விடுதலை பெற்ற மக்களைப் புண்படுத்துவனவாக அமைந்தன. பெரியோர் வாழ்விலும் பிழை உண்டு. அதனை மறைத்தல் வரலாறு ஆகாது.

எனினும், பதினான்காம் திருத்தம் பெண்டிர்க்கும் வழி திறந்துவிட்டது என்று அவர் கருதினார். பெண்ணும் குடிமகளே, வாக்களித்தல் குடிமக்களின் உரிமை, ஆகவே அதனை மறுக்க மாநிலத்திற்கு அதிகாரமில்லை. இதுவே அவர்தம் வாதம். அதனைச் செயலில் நாட்ட உறுதி பூண்டார். 1872ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வாக்காளர் பதிவு நடந்த முடிதிருத்தும் கடைக்குத் தம் உடன்பிறந்தாருடன் சென்றார். அலுவலர்கள் தயங்கினர். அம்மையார் திருத்தத்தின் வாசகத்தைப் படித்துக் காட்டினார். முடிவில் அவர் பெயர் பதியப்பட்டது. ஐந்தாம் நாள் அவரும் வேறு சில பெண்டிரும் வாக்களித்தனர்.

இரு வாரங்களுக்குள் நடுவணரசின் அதிகாரி அவர் இல்லத்திற்கு வந்து அவரைச் சிறைப்படுத்தினார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காத்தற்கென 1870இல் நடுவணரசு இயற்றிய சட்டமே, உரிமையின்றி வாக்களித்தார் என்று அம்மையார்மீது ஏவப்பட்டது. வாக்காளரின் தகுதியை வகுத்ததோ மாநிலச் சட்டம். அதனை மீறியதற்காகத் தண்டிக்க வந்ததோ நடுவணரசு. உரிமை கேட்டால் மாநிலத்தைக் கைகாட்டிய நடுவணரசு, தண்டிக்கும்போது தானே முன்வந்தது. இம்முரண்பாட்டை அம்மையார் மக்களுக்கு விளக்கத் தொடங்கினார். வழக்கு நடத்தற்குரிய மன்றோ கவுண்டியின் 29 ஊர்களிலும் சொற்பொழிவாற்றினார். ஜூரர்களின் மனம் மாறிவிடும் என்று அஞ்சிய அரசு வழக்கறிஞர் வழக்கை வேறு கவுண்டிக்கு மாற்றினார். அம்மையார் அங்கும் ஊர் ஊராகச் சென்று பேசினார்.

1873ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கானண்டைகுவா என்னும் ஊரில் வழக்கு நடந்தது. நீதிபதி வார்டு ஹண்ட், அம்மையார் தம் பொருட்டுத் தாமே சான்று கூற இசையவில்லை. வாக்குரிமை மாநிலத்தின் அரசியலமைப்பிலிருந்து வருவதேயன்றி நாட்டின் அரசியலமைப்பிலிருந்து வருவதன்று என்று முன்னரே எழுதி வைத்திருந்த தீர்ப்பைப் படித்தார். ஜூரர்களைக் கலந்து ஆராயவும் விடாமல், குற்றவாளி என முடிவுகூறுமாறு பணித்தார். 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதில் ஒரு டாலரும் செலுத்தேன் என்று அம்மையார் மன்றத்திலேயே கூறினார், இறுதிவரை செலுத்தவுமில்லை. தண்டம் செலுத்தும்வரை சிறையில் வைத்திருந்தால் அவர் உயர்நிலை மன்றத்திற்குச் செல்ல வழி பிறந்திருக்கும். நீதிபதி அவ்வாறு ஆணையிடாது அவ்வழியை அடைத்துவிட்டார்.

அம்மையாருக்கு மூடப்பட்ட கதவை மிசௌரி மாநிலத்து வர்ஜினியா மைனர் என்னும் பெண்மணி தட்டினார். அவர் வழக்கில் 1875இல் நாட்டின் உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புக் கூறியது. பெண்டிர் குடிமக்களே, ஆயினும் குடிமை வேறு, வாக்குரிமை வேறு, வாக்காளர் யாவர் என்பதை மாநிலங்களே முடிவு செய்யும் என்பது அத்தீர்ப்பு.

நீதிமன்றத்தின் வழி அடைபடவே, இரு வழிகள் எஞ்சின. மாநிலந்தோறும் சென்று உரிமை கேட்டல் ஒன்று. அரசியலமைப்பைத் திருத்துதல் மற்றொன்று. அம்மையார் இரண்டிலும் உழைத்தார். தெற்கு டகோட்டாவில் 1890இல், தமது எழுபதாம் வயதில், சுற்றித் திரிந்து தோற்றார். கலிபோர்னியாவில் 1896இல், எழுபத்தாறாம் வயதில், மீண்டும் தோற்றார். வயோமிங் முதலிய சில மாநிலங்களே பெண்டிர்க்கு உரிமை அளித்தன. வயோமிங்கில் வாக்களித்த பெண் நியூயார்க்கிற் குடியேறினால் அவ்வுரிமையை இழப்பாள். நாடு ஒன்றே, குடிமையும் ஒன்றே, எல்லைக்கோட்டைத் தாண்டியவுடன் உரிமை மறைவது என்ன முறை? ஆதலால் நாடு முழுவதற்குமான திருத்தமே நிலையான தீர்வு என அம்மையார் வற்புறுத்தினார். 1878இல் அத்திருத்தம் மேலவையிற் கொணரப்பட்டது. 1887இல் 34 வாக்குகளுக்கு எதிராக 16 வாக்குகளே பெற்று வீழ்ந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை அறிந்த அம்மையார் தளர்ந்தாரல்லர்.

1906ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள் அவர் ராச்செஸ்டரில் இயற்கை எய்தினார். அன்று நான்கு மாநிலங்களிலேயே பெண்டிர்க்கு முழு வாக்குரிமை இருந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், டென்னசி மாநிலம் முப்பத்தாறாவதாக இசைவளிக்கவே, பத்தொன்பதாம் திருத்தம் சட்டமாயிற்று. பெண் என்பது காரணமாக நடுவணரசோ மாநிலமோ வாக்குரிமையை மறுத்தல் இனி இயலாது. மாநிலங்களின் பிடியைத் தளர்த்திய அத்திருத்தத்திற்கும் மாநிலங்களின் இசைவே தேவைப்பட்டது என்பது எண்ணத்தக்கது. ஆயினும் தென்மாநிலங்கள் பல, தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு முதலியவற்றால் கறுப்பின ஆண்களையும் பெண்களையும் தொடர்ந்து விலக்கி வைத்தன. 1965இல் நடுவணரசு இயற்றிய வாக்குரிமைச் சட்டம் அத்தடைகளைத் தகர்ப்பதிற் பெரும்பங்கு வகித்தது.

அம்மையார் அளித்த வாக்கு குற்றம் எனப்பட்டது. பின்னாளில் அவர் உருவம் நாட்டின் நாணயத்திற் பொறிக்கப்பட்டது. தேர்தல் நாட்களில் ராச்செஸ்டர் நகரப் பெண்டிர் அவர் கல்லறைக்குச் சென்று, வாக்களித்ததற்கு அடையாளமாகிய ஒட்டுத்தாளை அக்கல்லில் ஒட்டி வணங்கும் வழக்கம் தோன்றியது. தாம் நட்ட மரத்தின் கனியைத் தாம் உண்ணாமலே மறைந்தவர் அவர். அம்மரத்திற்கு நீர் வார்த்துக் காத்தல், வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவர்க்கும் கடன் ஆகும்.