காற்றைச் சேமித்த ஆசிரியர்

வெயில் பகலில்தான் அடிக்கும். காற்று நினைத்தபோதுதான் வீசும். ஆனால், நமக்கு விளக்கு இரவில் அல்லவா வேண்டும்? இந்தச் சிக்கலுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழி தேடியவர், போல் லா கூர்.

டென்மார்க் நாட்டில், 1846ம் ஆண்டு ஏப்ரல் 13ம் தேதி பிறந்தார். வானிலை ஆய்வு நிறுவனத்தில் உயர் பதவி வகித்தார். தந்திக் கருவிகளில் புதுமைகள் செய்தார். தலைநகரிலேயே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால், 1878ம் ஆண்டு ஆஸ்கோவ் என்ற சிற்றூருக்கு வந்து, கிராமத்து இளைஞர்கள் படிக்கும் பள்ளியில் ஆசிரியரானார்.

அந்நாளில் மின்விளக்கு என்பது நகரங்களில் மட்டுமே. கிராமங்களுக்கும் மின்சாரம் வர வேண்டும் என விரும்பினார் லா கூர். அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. 1891ம் ஆண்டு, அரசின் உதவியோடு காற்றாலை அமைத்து மின்சாரம் எடுத்தார். ஆனால், காற்று நின்றால் மின்சாரமும் நின்றது!

என்ன செய்தார் தெரியுமா? அந்த மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தினார். தண்ணீர், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற இரு வாயுக்களாகப் பிரிந்தது. அவற்றைத் தனித்தனித் தொட்டிகளில் சேமித்தார். இருட்டியதும், குழாய் வழியே வந்த வாயுவால் விளக்குகள் எரிந்தன. 1895 முதல் 1902 வரை பள்ளிக்கு வெளிச்சம் தந்தவை இவையே.

இது எளிதாக நடந்துவிடவில்லை. ஹைட்ரஜனோடு ஆக்சிஜன் கலந்துவிட்டால் வெடிக்கும். அப்படி வெடித்து, பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கியதும் உண்டு. (நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்!) ஆனாலும், அவர் சோர்ந்துவிடவில்லை. பிறகு பேட்டரிகளில் மின்சாரத்தைச் சேமித்தார். 1904ம் ஆண்டு முதல் கிராமத்து இளைஞர்களுக்கு மின் பணியும் கற்றுக்கொடுத்தார். 1908ம் ஆண்டு ஏப்ரல் 24ம் தேதி மறைந்தார்.

சூரியன் நிலத்தையும் கடலையும் சூடாக்குவதால்தான் காற்று வீசுகிறது. எனவே, அவர் தொட்டியில் அடைத்ததும் சூரிய சக்திதான்! இன்று சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தாலும் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜன் எடுக்கின்றனர். அதை வேண்டும்போது மின்சாரமாக மாற்றலாம். புகை வராது, தண்ணீரே மிஞ்சும். இதற்காக இந்திய அரசும் 2023ம் ஆண்டு ஒரு தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டும் என நினைத்தார் ஓர் ஆசிரியர். அவர் காட்டிய வழி, இன்று உலகுக்கே உதவுகிறது!