பண்பில் உயர்ந்த பேரறிஞர் அண்ணா

மனிதனுக்கு அழகு தருவன பல. கல்வி அழகு தரும். செல்வம் அழகு தரும். பதவியும் ஓரளவு அழகு தரும். ஆனால் இவை அனைத்திற்கும் மணம் சேர்ப்பது பண்பு ஒன்றே. அதனாலன்றோ திருவள்ளுவர் பண்புடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார்!

பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும். பிறர் பேசும்போது குறுக்கிடக் கூடாது. விளையாட்டில் தோற்றவளைக் கேலி செய்யக் கூடாது. வென்றவளைப் பார்த்துப் பொறாமை கொள்ளக் கூடாது என்றெல்லாம் நன்னெறி வகுப்பில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். இவை பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும் பாடங்களா? தேர்தலில் மோதிக்கொள்ளும் பெரியவர்களுக்கும் இவை பொருந்துமா? பொருந்தும் என்று வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம் காஞ்சி மண்ணிலேயே பிறந்தார். அவரே பேரறிஞர் அண்ணா.

கோயில்களுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தில், 1909 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள், நெசவாளர் குடும்பம் ஒன்றில் நடராசன், பங்காரு அம்மாள் ஆகியோரின் மகனாகப் பிறந்தார் அண்ணாதுரை. தொத்தா என்று அவர் அன்போடு அழைத்த இராசாமணி அம்மையாரே அவரை வளர்த்து ஆளாக்கினார். காஞ்சியிலுள்ள பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். குடும்பத்தின் பொருள் நிலை காரணமாகச் சில காலம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1934 ஆம் ஆண்டு பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். குள்ளமான உருவம், எளிய உடை, கரகரத்த குரல். ஆனால் மேடை ஏறினால் தமிழ் அருவியாகக் கொட்டும்!

கல்லூரியை விட்டு வந்த அண்ணா தந்தை பெரியாரைத் தம் தலைவராக ஏற்றுக்கொண்டார். 1942 ஆம் ஆண்டு காஞ்சியிலிருந்து திராவிட நாடு என்னும் வார இதழைத் தொடங்கினார். அந்நாட்களில் அவர் எழுதியவற்றுள் சில, சமயப் பற்று உடையவர்களின் மனத்தைப் புண்படுத்தின என்பதை மறைப்பதற்கில்லை. எழுத்தில் காரம் இருந்தது. ஆயினும் எதிர்க் கருத்து உடையவர்களை நேரில் சந்தித்து வாதிடும்போது மரியாதை குறையாமல் நடந்துகொண்டார். 1943 ஆம் ஆண்டு கம்பராமாயணத்தைப் பற்றி இரா. பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகிய இரு பெரும் புலவர்களோடு அவர் நடத்திய சொற்போர்கள் புகழ் பெற்றவை. இரு தரப்பாரும் கருத்தால் மோதினர். அறிஞர்கள் எப்படி மாறுபட வேண்டும் என்பதற்கு அவை இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றன.

அண்ணாவின் பண்புக்குப் பெரிய சோதனை 1949 இல் வந்தது. கருத்து வேறுபாட்டினால் அவர் பெரியாரை விட்டுப் பிரிய நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 17 ஆம் நாள் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. கட்சி தொடங்குகிறவர் தாமே தலைவராவது உலக வழக்கம். அண்ணாவோ தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்றே காலியாக விட்டுவைத்துத் தாம் பொதுச் செயலாளராக மட்டும் இருந்தார். பிரிந்து சென்றவர்களைக் கண்ணீர்த் துளிகள் என்று பெரியார் பல ஆண்டுகள் கேலி செய்தார். தேர்தல்களில் எதிர்த்தும் பேசினார். அப்போதும் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. தம்மை ஏசுகிறவருக்காக ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருப்பது எத்தனை பேரால் இயலும்?

கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்னும் மூன்று சொற்களை அண்ணா தம் இயக்கத்தாருக்கு வழங்கினார். நம் திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுகின்றன அல்லவா? அதுபோல இம்மூன்றும் ஒன்று சேர்ந்தால்தான் பொதுவாழ்வு நிறைவு பெறும். கடமை மட்டும் இருந்து கண்ணியம் இல்லாவிட்டால் வேலை நடக்கும், மனம் புண்படும். கண்ணியம் இருந்து கட்டுப்பாடு இல்லாவிட்டால், கோபம் வரும் நாளில் அக்கண்ணியம் காற்றில் பறந்துவிடும்.

1957 ஆம் ஆண்டு அண்ணா காஞ்சிபுரம் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றார். அவருடைய கட்சிக்கு 15 இடங்கள் கிடைத்தன. 1962 ஆம் ஆண்டுத் தேர்தலில் அது 50 ஆக உயர்ந்தது. ஆனால் என்ன விந்தை! கட்சி வளர்ந்த அதே தேர்தலில் அண்ணா தாம் பிறந்த காஞ்சிபுரத்திலேயே தோற்றுப் போனார். தெருவில் தம்மோடு விளையாடியவர்களும், தாம் படித்த பள்ளியைச் சுற்றி வாழ்பவர்களும் வாக்களித்த ஊர் அது. சொந்த ஊரில் அடையும் தோல்வி எவ்வளவு கசப்பானது! அதற்காக அவர் பொதுவாழ்வை வெறுத்து ஒதுங்கிவிடவில்லை. அவ்வாண்டே மாநிலங்கள் அவை உறுப்பினராகி டில்லி சென்றார். அங்கே திராவிட நாடு தனியாக வேண்டும் என்று வாதாடினார். அதே 1962 இல் சீனப் படையெடுப்பு நேர்ந்தபோது, நாட்டின் பாதுகாப்பே முதன்மை என்று கூறி அரசுக்குத் துணை நின்றார். பிரிவினைக் கோரிக்கையையும் அவருடைய கட்சி கைவிட்டது. வீட்டில் தீப்பிடிக்கும்போது பங்காளிச் சண்டை கூடாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

காலச் சக்கரம் சுழன்றது. 1967 ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணாவின் கட்சி பெரும் வெற்றி பெற்றது. ஊரெங்கும் வெடிச் சத்தம். அந்தத் தேர்தலில்தான் பெருந்தலைவர் காமராசர், ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியும் மதிய உணவும் தந்த முன்னாள் முதலமைச்சர், தம் சொந்த ஊராகிய விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். எதிர்க்கட்சியின் மிகப் பெரிய தலைவர் வீழ்ந்தால் வென்றவர் மகிழ்வதுதான் இயல்பு. அண்ணாவோ வருந்தினார். காமராசர் தோற்றிருக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறினார். அந்தத் தோல்வியைக் கொண்டாட வேண்டாம் என்று தம்மவர்களைத் தடுத்தார்.

இதைப் படிக்கும்போது என் மனத்தில் ஓர் எண்ணம் எழுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு பிறந்த ஊரிலேயே தோற்ற அண்ணாவுக்கு, பிறந்த ஊரிலேயே தோற்ற காமராசரின் துயரம் புரிந்திருக்கும். தான் பட்ட வலியைப் பிறர் படும்போது பழிதீர்ந்தது என்று மகிழ்பவர் உண்டு. உடன் வருந்துபவரும் உண்டு. பண்பு என்பது இந்த இரண்டாவது வழிதான். காமராசரும் தோல்வியை மக்கள் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டார். வென்றவரும் தோற்றவரும் இப்படி இருந்தால் அந்த நாட்டில் தேர்தல் ஒரு நல்ல விளையாட்டுப் போட்டிபோல அமையும் அன்றோ!

வெற்றி பெற்ற அண்ணா அடுத்து என்ன செய்தார்? பதவி ஏற்பதற்கு முன்னரே தம் தோழர்களுடன் திருச்சிக்குப் புறப்பட்டார். அந்தத் தேர்தலிலும் தம்மை எதிர்த்துப் பிரசாரம் செய்த பெரியாரைக் கண்டு வணங்கி, வாழ்த்துப் பெற்றார். பதினெட்டு ஆண்டுப் பிரிவு ஒரு நாளில் மறைந்தது.

1967 மார்ச் 6 ஆம் நாள் முதலமைச்சரானார். தேர்தலின்போது ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற உறுதி பேசப்பட்டிருந்தது. சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அரிசி மட்டுமே கொடுக்க முடிந்தது. சொன்னதை முழுமையாகச் செய்ய இயலவில்லை என்பது அவருடைய ஆட்சியின் குறைதான். வாக்குக் கொடுப்பதற்கு முன் அளந்து கொடுக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து நாம் பெறும் பாடமே.

சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் 1967 சூலை 18 இல் நிறைவேறியது. 1968 சனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் பலருக்குச் சிலைகள் எழுந்தன. அவற்றுள் இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குருவாகிய வீரமாமுனிவருக்கும், ஜி.யு. போப், கால்டுவெல் ஆகியோருக்கும் சிலைகள் உண்டு. பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர் அண்ணா; ஆயினும் தமிழுக்குத் தொண்டு செய்த குருமார்களைப் போற்றத் தயங்கவில்லை. மெரினாவில் நிற்கும் வீரமாமுனிவர் சிலையைப் பார்க்கும்போது இதையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாண்டே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரை அழைத்துச் சிறப்பித்தது. அந்தப் பயணத்தின்போது வத்திக்கானில், இன்று புனிதராக வணங்கப்படும் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரைச் சந்தித்தார். தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. கோவா விடுதலைக்குப் போராடி, 1961 இல் கோவா விடுதலையான பின்னரும் போர்த்துகல் சிறையில் வாடிய மோகன் ரானடே என்பவரை விடுவிக்க உதவ வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார். ரானடே தமிழர் அல்லர். அண்ணாவின் கட்சிக்காரரும் அல்லர். 1969 சனவரியில் அவர் விடுதலையானார். ஆனால் அண்ணாவை நேரில் கண்டு நன்றி கூறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஆம், புற்றுநோய் அண்ணாவை வாட்டியது. நியூயார்க் சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பியும் நோய் விடவில்லை. தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்த சில நாட்களிலேயே, 1969 பிப்ரவரி 3 ஆம் நாள், அவர் காலமானார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் கூடிய மக்கள் வெள்ளம் கின்னஸ் புத்தகத்திலும் இடம் பெற்றது. அதில் அவருக்கு வாக்களித்தவர்கள் மட்டுமா இருந்திருப்பார்கள்?

அன்புத் தோழியரே! நம்மில் பலர் இன்னும் மூன்று ஆண்டுகளில் வாக்குரிமை பெறுவோம். சிலர் ஊராட்சித் தலைவியாகவோ, சட்டமன்ற உறுப்பினராகவோ, அமைச்சராகவோ வரலாம். அந்நாளில் எதிரில் நிற்பவரைப் பெயர் சொல்லி ஏசாமலும், தோற்றவரைத் துரத்தாமலும், பிரிந்தவரிடம் வாசற்கதவை அடைக்காமலும் நடப்பதற்கு இப்போதே பழக வேண்டும். வகுப்புத் தலைவி தேர்தலில் தோற்ற தோழியின் கையை முதலில் பற்றுபவள் வென்றவளாக இருக்கட்டும். நாளைய பொதுவாழ்வின் நாகரிகம் அந்தக் கைகுலுக்கலிலேயே தொடங்குகிறது.

வாழ்க அண்ணாவின் புகழ்! வளர்க நற்பண்பு!