பாங்கைக் கேட்டவர், பாங்கு சொன்னவர்

ஜமாஅத் தொழுகை பற்றிய குத்பாக்களில் கண் தெரியாத ஒரு ஸஹாபியின் சம்பவம் தவறாமல் வரும். பள்ளிவாசலுக்கு அழைத்துவரத் தோதான ஆள் இல்லை, வீட்டிலேயே தொழலாமா என்று அவர் நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி கேட்டார். பாங்கு கேட்கிறதா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். கேட்கிறது என்றதும் வந்துவிடும்படி பணித்தார்கள். அவருக்கே சலுகை இல்லையென்றால் நமக்கு ஏது என்பார் கதீப். நாமும் தலைகுனிந்து இருப்போம். அவருடைய கதை அத்தோடு முடிந்துவிடும்.

அவர்தான் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி). கதீஜா (ரழி) அவர்களின் தாய்மாமன் மகன். மக்காவில் ஆரம்பத்திலேயே இஸ்லாத்தை ஏற்றவர். குறைஷித் தலைவர்களோடு நபியவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில் இடையில் வந்து தனக்குக் கற்றுத்தரும்படி கேட்டவரும் இவரே. நபியவர்களின் முகம் சுருங்கியது. அவருக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் அதற்காக அபஸ அத்தியாயம் இறங்கியது.

நபியவர்களின் ஹிஜ்ரத்துக்கு முன்னரே முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களோடு மதீனா சென்று மக்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தார். ஆசிரியத் தொழிலில் இருப்பதால் இந்தச் செய்தி எனக்குத் தனிப் பிரியமானது. ஓர் ஊரே குர்ஆனைக் கற்க ஆரம்பித்தபோது முதலில் அமர்ந்த ஆசிரியர்கள் இருவரில் ஒருவருக்குப் பார்வை இல்லை.

மதீனாப் பள்ளிவாசலில் பிலால் (ரழி) அவர்களோடு இவரும் முஅத்தினாக இருந்தார். ரமழானில் பிலாலின் பாங்கு கேட்டால் மக்கள் தொடர்ந்து ஸஹர் உண்பார்கள். இவருடைய பாங்கு கேட்டால்தான் நிறுத்துவார்கள். வைகறையை அவரால் பார்க்க முடியாது. விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்ன பிறகே பாங்கு சொல்வார். நேரத்தைப் பார்த்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள், குரல் அவருடையதாக இருந்தது. கண் தெரியாதவர் எப்படி ஸுபஹுக்குப் பாங்கு சொல்வது என்று அங்கே யாரும் அவரை ஒதுக்கவில்லை.

அது மட்டுமல்ல. நபியவர்கள் பயணம் புறப்பட்டபோது இவரை மதீனாவில் தமது பிரதிநிதியாக விட்டுச் சென்றதும் உண்டு. அந்நாட்களில் மக்களுக்கு இமாமாக நின்று தொழுவித்தவர் இவரே.

குத்பாக்களில் விடுபடுவது இந்தப் பகுதி. வரச் சொன்ன பள்ளிவாசல் அவருக்கு உள்ளே ஓர் இடத்தையும் வைத்திருந்தது. இத்பான் இப்னு மாலிக் (ரழி) அவர்களின் நிலை வேறு. அவருக்கும் பார்வைக் குறைவு, மழைக்காலத்தில் வழியிலே வெள்ளம். நபியவர்களே அவருடைய வீட்டுக்குச் சென்று தொழுது, அவர் தொழ ஓர் இடத்தைக் காட்டிக் கொடுத்தார்கள். முதல் சம்பவத்தை மட்டும் சொல்லி நோயாளிகளையும் வயோதிபர்களையும் குற்றவாளியாக்குவது நியாயமாகப் படவில்லை.

நமது பள்ளிவாசல்கள் பலவற்றில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கூட இல்லை. வுழூச் செய்யும் இடம் வழுக்குகிறது. ஜும்ஆவுக்குப் பிந்தி வருபவர் மாடிக்குப் படி ஏற வேண்டும். சலவைக்கல்லுக்கும் குளிரூட்டிக்கும் வசூல் நடக்கிறது. பார்வையற்ற ஹாபிழ் ஒருவரை இமாமாக நியமிக்க எத்தனை நிர்வாக சபைகள் முன்வரும்?

ஜிஹாதுக்குச் செல்லாதவர்கள் பற்றிய வசனம் இறங்கியபோது தன் நிலையை நபியவர்களிடம் முறையிட்டார். இயலாதவர்களுக்கு விலக்களிக்கும் சொற்கள் அதே வசனத்தில் இறங்கின. ஆனால் உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் காதிஸிய்யாப் போர் வந்தபோது அந்த விலக்கை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கண் தெரியாதவனால் களத்தைவிட்டு ஓட முடியாது, ஆகவே கொடியைத் தன்னிடம் தாருங்கள் என்று கேட்பாராம். கவசம் அணிந்து, கறுப்புக் கொடியைப் பிடித்தபடி அவர் அங்கே நின்றதை அனஸ் (ரழி) அவர்கள் கண்டிருக்கிறார்கள்.