தாயுமாக நின்ற தந்தை ராஜாஜி

பெங்களூருக்கு அருகே, ஓசூரை அடுத்த தொரப்பள்ளி கிராமத்தில் 1878 டிசம்பர் 10-ந் தேதி பிறந்தவர் மூதறிஞர் ராஜாஜி. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் பின்னர் சென்னையிலும் படித்து, சேலத்தில் பெயர் பெற்ற வக்கீலாக விளங்கினார்.

நாற்பது வயது நிரம்புமுன் அவருடைய மனைவி அலமேலு மங்கம்மாள் காலமானார். மூன்று ஆண், இரண்டு பெண் என ஐந்து குழந்தைகள். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயின் பொறுப்பையும் தாமே ஏற்றார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று வக்கீல் தொழிலை விட்டார். வருமானம் நின்றது. 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது, மகன் நரசிம்மனையும் இளைய மகள் லட்சுமியையும் அழைத்துச் சென்று குடிசையில் வாழ்ந்தார்.

லட்சுமியும் காந்தியடிகளின் மகன் தேவதாஸும் ஒருவரையொருவர் விரும்பினர். சாதி வேறு; ராஜாஜியுடையதோ ஆசாரமான குடும்பம். காத்திருக்கும்படி தந்தையர் இருவரும் கூறினர். ஆண்டுகள் கடந்தும் மக்கள் மனம் மாறவில்லை. தந்தையர் மனமுவந்து சம்மதிக்க, 1933-ல் பூனாவில் திருமணம் நடந்தது.

மூத்த மகள் நாமகிரி இளம் வயதிலேயே கணவரை இழந்து தந்தையிடம் வந்து சேர்ந்தார். 1948-ல் ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆனபோது, டில்லி மாளிகையில் விருந்தினரை உபசரித்தவர் அவரே. நரசிம்மன் 1952-ல் கிருஷ்ணகிரியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

94 வயது நிறைந்த ஒரு வாரத்தில், 1972 டிசம்பர் 17-ந் தேதி, ராஜாஜி சென்னை அரசு பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 25-ந் தேதி மாலை அமைதியாக உயிர் நீத்தார். தாயில்லாக் குறை தெரியாமல் அவர் வளர்த்த பிள்ளைகளே முதுமையில் அவருக்குத் துணையாக இருந்தார்கள்.